பிக்கப் டிரக்கில் பெட்ரோல் முள் திடீரென்று காலிக்கு விழுகிறது, பி0463: டேங்கை இறக்கும் முன் என்னென்ன அளக்கலாம்?

லோடுவண்டி:

பெட்ரோல் பிக்கப், ஒற்றை டேங்க். பம்பும் டேங்க் யூனிட்டும் (மிதவை வைத்துப் பெட்ரோல் அளவைச் சொல்லும் சென்சார்) ஒரே மாட்யூலாக டேங்குக்குள் இருக்கின்றன. முழுக்க நிரப்பினால் முள் சரியாக மேலே ஏறுகிறது. முக்கால் வரை ஒழுங்காக இறங்குகிறது. பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்ததும்தான் தொல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் சட்டென்று காலிக்கு விழும், எச்சரிக்கை விளக்கு எரியும், சற்று நேரத்தில் தானாகவே பழைய இடத்துக்கு ஏறும். கால் டேங்குக்குக் கீழே போய்விட்டால் மறுபடி ஒழுங்காகிவிடுகிறது. ஸ்கேனரில் பி0463 என்ற கோளாறுக் கோடு, சில சமயம் கூடவே பி0464 (விட்டுவிட்டு வரும் சிக்னல்).

சர்வீஸ் மேனுவல்படி இந்த யூனிட்டுக்குக் காலியில் 40 ஓம், நிறைவில் 250 ஓம். சிக்னல் என்ஜின் கணினிக்குப் போய், அங்கிருந்து கேன் (CAN, வண்டியின் கணினிகள் பேசிக்கொள்ளும் வயர்) வழியாக மீட்டருக்கு வருகிறது.

இரண்டு கேள்விகள். பி0463 என்றால் சிக்னல் அதிகம் என்று பொருள். ஓம் கூடினால் நிறைவு காட்ட வேண்டிய வண்டியில் முள் ஏன் காலிக்கு விழுகிறது? அடுத்தது, மீட்டர், வயரிங், எர்த், யூனிட் இவற்றில் எது கோளாறு என்று டேங்கை இறக்காமலே கண்டுபிடிக்க முடியுமா? மல்ட்டிமீட்டரும் லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனரும் கைவசம் உள்ளன.

ஓம்விதி:

கணினி அந்த ஓம் அளவை நேராகப் பார்ப்பதில்லை. தன்னுள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை சிக்னல் வயரில் கொடுத்து, அந்த வயரில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. யூனிட்டின் ஓம் கூடக்கூட வோல்ட்டும் கூடும். 250 ஓமுக்கு உரிய வோல்ட் வந்தால் டேங்க் நிறைவு. அதையும் தாண்டி 5 வோல்ட்டை ஒட்டிப் போனால், எந்த டேங்கிலும் அவ்வளவு பெட்ரோல் இருக்க முடியாது, இணைப்பு எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று முடிவு கட்டி பி0463-ஐப் பதிகிறது. அளவை நம்ப முடியாதபோது முள்ளை நிறைவில் நிறுத்தினால் ஓட்டுபவர் நடுவழியில் நிற்க வேண்டிவரும், ஆகவே காலிக்கு இறக்கிவிடுகிறது. முள் விழுவது கணினியின் முடிவு, யூனிட் சொன்ன அளவு அல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் "ஓம் குறைகிறது, எங்கோ ஷார்ட்" என்று தேடப் போனால் வேலை எதிர்த்திசையில் போகும். வயர் எர்த்தோடு ஒட்டியிருந்தால் பி0462 (சிக்னல் குறைவு) வந்திருக்கும்.

எல்லா வண்டியும் இப்படி இல்லை. ஓம் கூடினால் காலி என்று வடிவமைத்த வண்டிகளும் நிறைய உண்டு. அதனால் மேனுவலில் காலி, நிறைவு ஓம் எண்கள் இரண்டையும் பார்க்காமல் மல்ட்டிமீட்டரைத் தொடாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கான பாதி விடை உங்கள் விவரிப்பிலேயே இருக்கிறது. கோளாறு குறிப்பிட்ட அளவில் மட்டும் வருகிறது, மேலேயும் கீழேயும் வருவதில்லை. பழுதான வயருக்கும் துருப்பிடித்த எர்த்துக்கும் டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்பது தெரியாது. மேடுபள்ளத்தில் குலுங்கும்போது எந்த அளவிலும் அவை தகராறு செய்யும். அளவைச் சார்ந்து வந்தால் யூனிட்டின் தடத்தைத்தான் (மிதவையோடு நகரும் விரல் உரசும் ரெசிஸ்டர் பட்டை) முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனாலும் சந்தேகத்தை நம்பி மாட்யூல் வாங்க வேண்டாம், அளந்துவிடுங்கள்.

டேங்குக்குப் போகும் வயர்கள் சேஸிஸ் ஓரமாக ஒரு கப்ளரில் (கழற்றி மாட்டும் வயர் இணைப்பு) சேரும். சாவியை அணைத்து, கப்ளரின் மேல் உள்ள மண்ணைத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, பின் ஏதும் பின்னால் தள்ளிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சாவி ஆன், என்ஜின் இயங்க வேண்டாம். வண்டிப் பக்கக் கப்ளரில் சிக்னல் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வந்தால் கணினியிலிருந்து அதுவரை வயர் அறுந்துபோகவில்லை.

அடுத்து அதே இரண்டு பின்களுக்கு நடுவே 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினிக்குள் இருக்கும் ரெசிஸ்டரின் மதிப்பு இதிலிருந்து கிடைத்துவிடும்: 5-லிருந்து அந்த வோல்ட்டைக் கழித்து, அதே வோல்ட்டால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். உதாரணமாக 1.43 வோல்ட் வந்தால் சுமார் 250 ஓம். இது தெரிந்துவிட்டால் பிறகு கப்ளரைக் கழற்றாமலே, ஸ்கேனரில் தெரியும் சிக்னல் வோல்ட்டை வைத்து யூனிட் அந்த நேரத்தில் எத்தனை ஓம் என்று கணக்கிடலாம். 1.75 வோல்ட் என்றால் 250-ஐ 1.75-ஆல் பெருக்கி 3.25-ஆல் வகுக்க, ஏறத்தாழ 135 ஓம்.

பிறகு 150 ஓம் ரெசிஸ்டரை வையுங்கள். உங்கள் வண்டியில் முள் பாதியை ஒட்டி நிற்க வேண்டும். முள் மெதுவாகத்தான் நகரும், அவசரப்படாதீர்கள். அது நின்றபின் சேஸிஸ் நெடுக வயர்க் கட்டை ஆட்டி, இழுத்து, வளைத்துப் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் கணினி, கேன், மீட்டர், அதுவரையிலான வயர் எல்லாம் குற்றமற்றவை. ரெசிஸ்டரை மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். பம்பின் மின்சாரமும் அதே கப்ளர் வழியாகத்தான் போகும், கழற்றினால் என்ஜினே ஓடாது.

ஒருபோதும் செய்யக் கூடாதது: டெஸ்ட் லாம்ப்பையோ பேட்டரியின் 12 வோல்ட்டையோ யூனிட்டின் பின்னில் தொடுவது. தடம் கருகும். அந்தத் தடம் இருப்பது பெட்ரோல் ஆவிக்குள்.

துருப்போல்ட்:

மேலே சொன்னது எல்லாம் சரி. எர்த்தை மட்டும் இன்னும் கொஞ்சம் கவனியுங்க. பல பிக்கப்புல யூனிட்டோட எர்த்தும் பம்போட எர்த்தும் ஒரே இடத்துல சேஸிஸ்ல போய் முடியும். சேறும் தண்ணியும் நேரா அடிக்கிற இடம் அது. ஓம் மீட்டரை வச்சுப் பார்த்தா 0.2 ஓம்னு காட்டும், நல்லா இருக்குன்னு விட்டுடுவாங்க. பம்ப் 6 ஆம்பியர் இழுக்கும்போது அதே 0.2 ஓம்ல 1.2 வோல்ட் தொங்கும். அதுல ஒரு பகுதி சிக்னலோட சேர்ந்துக்கும், முள் பொய் சொல்லும்.

அதனால எர்த்தை ஓம்ல பார்க்காதீங்க, வோல்ட்ல பாருங்க. கப்ளர் மாட்டியிருக்கணும், என்ஜின் ஓடணும். கப்ளருக்குப் பின்பக்கமா மெல்லிய ஊசி முனையை எர்த் பின்ல சொருகி, மீட்டரோட மறுமுனையை பேட்டரி நெகட்டிவ்ல வைங்க. 0.1 வோல்ட்டுக்கு உள்ள இருந்தா போதும். அதுக்கு மேலன்னா எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போக உலோகம் தெரியுற வரைக்கும் சுரண்டி மாட்டிட்டு மறுபடி அளங்க.

இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. சாவியை ஆன் பண்ணினதும் பம்ப் ஓரிரு நொடி ஓடி நிக்கும். அந்த நேரத்துல ஸ்கேனர்ல சிக்னல் வோல்ட்டைப் பாருங்க. பம்ப் நின்ன உடனே வோல்ட் குறைஞ்சா எர்த்ல கோளாறு. முள்ளைப் பார்த்தா தெரியாது, அதுக்குள்ள அசைவை மட்டுப்படுத்துற கணக்கு ஓடிட்டிருக்கும்.

அப்புறம் யூனிட் பக்கம். கப்ளரைக் கழற்றின நிலையில டேங்க் பக்கத்துப் பின்கள்ல ஓம் பாருங்க. மீட்டரை ஆட்டோ ரேஞ்ச்ல விடாதீங்க. ரேஞ்ச் மாறுறப்ப எண் குதிக்கும், யூனிட் குதிக்குதுன்னு நினைச்சு ஏமாந்துடுவீங்க. கையாலே ரேஞ்சைப் பூட்டி, குறைந்தபட்சம் அதிகபட்சம் பதியற வசதியைப் போட்டுட்டு, ஒருத்தரைப் பின்பாடி மேல ஏத்தி வண்டியை ஆட்டச் சொல்லுங்க. டேங்க்ல அலை அடிக்கும், மிதவை மேலும் கீழும் போகும். டிஜிட்டல் மீட்டர் திரை நொடிக்கு ரெண்டு மூணு முறைதான் எண் மாத்தும், கண்ணால பார்த்தா சின்ன அறுப்பு தப்பிச்சிடும். முள் வச்ச பழைய அனலாக் மீட்டர் இருந்தா இந்த வேலைக்கு அதுதான் ராஜா. முக்கியமா, கோளாறு வர்ற அளவுல பெட்ரோல் இருக்கும்போதே அளங்க. முழு டேங்க்ல அளந்து "எல்லாம் சரியா இருக்கு"ன்னு திரும்பி வராதீங்க.

லோடுவண்டி:

இருவருக்கும் நன்றி. டேங்க் பாதிக்குச் சற்று மேலே இருக்கும்போது அளந்தவை:

கப்ளர் கழற்றிய நிலையில் வண்டிப் பக்கம் 4.98 வோல்ட். 100 ஓம் வைத்தால் 1.42 வோல்ட், கணக்குப்படி உள் ரெசிஸ்டர் 250 ஓம். 150 ஓம் வைத்தால் 1.86 வோல்ட், முள் பாதியை ஒட்டி நின்றது, வயர்க் கட்டை எப்படி ஆட்டினாலும் அசையவில்லை. என்ஜின் ஓடும்போது எர்த்தில் 0.03 வோல்ட். டேங்க் பக்கம் ஓம் பார்த்தால் அசையாத நிலையில் 152. வண்டியை ஆட்டியபோது குறைந்தபட்சம் 147, அதிகபட்சம் "ஓஎல்", அதாவது முழுத் திறப்பு.

யூனிட்தான் என்று முடிவு செய்யலாமா? அப்படியானால் டேங்கை இறக்குவதா, பின்பாடியைத் தூக்குவதா? பெட்ரோலில் கலக்கும் கிளீனர் ஊற்றினால் சரியாகும் என்றும் ஒருவர் சொல்கிறார்.

ஓம்விதி:

முக்கால் முடிவு செய்யலாம். சேஸிஸ் கப்ளருக்கும் தடத்துக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் வயர் இருக்கிறது: டேங்கின் மேலே ஏறும் வால், மாட்யூல் மூடியின் மேல் ஒரு கப்ளர், மூடியை ஊடுருவிச் செல்லும் பின்கள், உள்ளே தடத்துக்குப் போகும் மெல்லிய வயர். திறப்பு இவற்றில் எங்கேயும் இருக்கலாம். அளவைச் சார்ந்து வருவதால் தடம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனாலும் மேலே கை போனதும், மூடியின் பின்களிலேயே நேராக ஓம் வைத்து அதே ஆட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மாட்யூலைக் கழற்றுங்கள். மூடிக் கப்ளரின் பின் தளர்ந்திருப்பதால் மட்டும் நல்ல மாட்யூலை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

உள்ளே நடப்பது இது. பீங்கான் தகட்டில் மெல்லிய தடங்கள் அச்சிடப்பட்டிருக்கும், மிதவைக் கம்பியோடு நகரும் உலோக விரல்கள் அவற்றின் மேல் உரசும். டேங்கில் அலை ஓய்வதே இல்லை, ஆகவே வண்டி அதிகம் ஓடும் அளவில், பெரும்பாலும் பாதிக்கும் காலுக்கும் இடையில், அதே இடம் ஓயாமல் தேய்கிறது. தொடு இடங்களில் வெள்ளி கலந்திருக்கும். பெட்ரோலில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அதோடு வினைபுரிந்து கறுத்த சல்பைடு படலத்தை உண்டாக்கும், அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. விரலின் அழுத்தம் தளர்ந்திருந்தால் படலத்தைக் கீறிக்கொண்டு தொட முடியாமல் போகும்.

கிளீனர் இந்தப் படலத்துக்கு மட்டும்தான். பாலியெதர் அமீன் கொண்ட கிளீனர் சில வண்டிகளில் படலத்தைக் கரைத்து முள்ளை மீட்டிருக்கிறது. டப்பாவில் போட்ட அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம், முழு டேங்கில் கலந்து ஓட்டித் தீருங்கள். தேய்ந்து போன தடத்தை எந்தத் திரவமும் திரும்ப வரைந்து தராது. படலம் என்றால் வழக்கமாக ஓம் ஏறி இறங்கித் தடுமாறும். உங்களுடையது 147-க்கும் முழுத் திறப்புக்கும் நடுவே நேராகத் தாவுவதால் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. ஊற்றிப் பார்ப்பதில் தவறில்லை, அவ்வளவுதான்.

துருப்போல்ட்:

பின்பாடியைத் தூக்குங்க. நான் எப்பவும் அந்தப் பக்கம்தான். டேங்கை இறக்கினா பட்டை போல்ட், காப்புத் தகடு, குழாய் எல்லாம் படுத்துக்கிட்டே கழற்றணும், டேங்கையும் தாங்கணும். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ, அம்பது லிட்டர் இருந்தா 37 கிலோ தலைக்கு மேல ஆடும். பின்பாடின்னா பெரும்பாலும் 6 அல்லது 8 போல்ட். பின்பாடியோடேயே வெல்டிங் பண்ணின பெட்டி, கிரேன் மாதிரி ஏதாவது இருந்தா மட்டும் டேங்கை இறக்குங்க. அப்ப டேங்க் கால் அளவுக்குக் கீழ இருக்கணும்.

போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கி அடிச்சு ஊற விடுங்க. பெட்ரோல் ஊத்துற வாய்ல இருக்கிற திருகுகள், பின்விளக்குக் கப்ளர், பின்பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல இருக்கிற எர்த் பட்டை, இது மூணையும் மறந்துட்டுத் தூக்குனா எதையாவது பிச்சு எடுத்துடுவீங்க. முழுசா இறக்கி வைக்க நாலு பேர் வேணும். ரெண்டு பேர்னா ஒரு பக்கத்துப் போல்ட்டை முழுசாக் கழற்றி, மறுபக்கத்துப் போல்ட்டைத் தளர்த்தி, சாய்ச்சு, கெட்டியான மரக்கட்டையை முட்டுக் கொடுக்கலாம். ஜாக்கி மேல நிக்க விட்டுட்டுக் கீழ கை விடாதீங்க.

திறக்கிறதுக்கு முன்னாடி பம்ப் பியூஸைப் பிடுங்கி என்ஜினை ஓட விடுங்க, தானா அணையும், குழாய்ல அழுத்தம் இறங்கிடும். அதுக்கப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க. வெளியில, காத்தோட்டத்துல செய்யுங்க. பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், குழியிலயும் தரையிலயும் தேங்கும். தீயணைப்பான் கையெட்டுற தூரத்துல இருக்கட்டும். மூடி வளையத்தைச் சுத்தி இருக்கிற மண்ணை முதல்ல ஊதித் துடைங்க, இல்லன்னா அவ்வளவும் டேங்குக்குள்ள போகும். வளையத்தைத் தட்டித் திருப்ப இரும்பு உளி வேண்டாம், பொறி பறக்கும். பித்தளைக் கம்பி போதும். மாட்யூலை நேரா மேல இழுக்காம சாய்ச்சு எடுங்க, மிதவைக் கம்பி வாய்ல மாட்டி வளைஞ்சா புது யூனிட்டும் தப்பாத்தான் காட்டும். எந்தத் திசையில உட்கார்ந்திருந்துச்சுன்னு முன்னாடியே குறி போட்டுக்கோங்க.

பழையமாடல்:

இதே தேடலில் பழைய வண்டிக்காரர்களும் வருவார்கள், அவர்களுக்காக ஒரு குறிப்பு. கணினி இல்லாமல் மீட்டரே நேராக யூனிட்டோடு இணைந்த வண்டிகளில் கோளாறுக் கோடு வராது. டேங்க் கப்ளரைக் கழற்றி, சாவி ஆன் செய்து முள்ளைப் பாருங்கள், பிறகு சிக்னல் வயரை எர்த்தோடு இணைத்துப் பாருங்கள். நேராக ஒட்டாமல் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நடுவில் வைப்பது மீட்டருக்கு நல்லது. பழைய ஜிஎம் வண்டிகள் காலிக்கு 0, நிறைவுக்கு 90 ஓம். கழற்றினால் முள் நிறைவைத் தாண்டும், எர்த்தோடு சேர்த்தால் காலியை ஒட்டி இறங்கும். பழைய ஃபோர்டு வண்டிகள் காலிக்கு 73, நிறைவுக்கு 10 ஓம், அங்கே எல்லாம் தலைகீழ். இரண்டு நிலையிலும் முள் ஒழுங்காகப் போனால் மீட்டரும் வயரும் நல்லவை, யூனிட்டைப் பாருங்கள்.

இரட்டை டேங்க் வண்டியில் டேங்க் மாற்றும் சுவிட்ச்சே மீட்டர் வயரையும் மாற்றும். இரண்டு டேங்கிலும் தப்பு என்றால் சுவிட்ச், மீட்டர், பொது எர்த். ஒன்றில் மட்டும் தப்பு என்றால் அந்தப் பக்க யூனிட், அதன் வயர், இல்லையென்றால் சுவிட்ச்சில் அந்தப் பக்கத் தொடுமுனை.

லோடுவண்டி:

பின்பாடியைச் சாய்த்து, மூடியின் பின்களிலேயே அளந்ததில் அதே திறப்பு. மாட்யூலை வெளியே எடுத்து, மிதவைக் கம்பியை மெதுவாகக் கீழிருந்து மேலே நகர்த்தியபோது 120-க்கும் 155-க்கும் இடையில் பல இடங்களில் அறுகிறது. தடத்தில் கண்ணுக்கே தெரியும் பள்ளம். மிதவையும் தடமும் சேர்ந்த பாகம் தனியாகக் கிடைக்கிறது, பம்ப் நன்றாக இருப்பதால் அதை மட்டும் மாற்றப் போகிறேன். மாட்டும் முன் கவனிக்க வேண்டியது ஏதாவது?

ஓம்விதி:

பாக எண்ணை டேங்கின் கொள்ளளவோடு சேர்த்துச் சரிபாருங்கள். ஒரே மாடல் பிக்கப்பில் குட்டைப் பின்பாடிக்கும் நீளப் பின்பாடிக்கும் டேங்க் வேறாக இருக்கலாம், மிதவைக் கம்பியின் நீளமும் வளைவும் அதற்கேற்ப மாறும். ஓம் எண்கள் ஒன்றாகவே இருப்பதால் மாறிப்போனது ஓம் மீட்டரில் தெரியாது. நிரப்பினாலும் முள் நிறைவுக்கு வராமல் நிற்கும், அல்லது பெட்ரோல் தீர்ந்தபின்னும் கால் டேங்க் காட்டும். பழைய கம்பியையும் புதியதையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மாட்டும் முன் புதியதையும் ஓம் மீட்டரில் முழுவீச்சும் ஓட்டிப் பாருங்கள். 40-லிருந்து 250 வரை எங்கேயும் அறாமல் ஏற வேண்டும். படிப்படியாக ஏறினால் பயப்பட வேண்டாம், தடமே படிகளாகத்தான் அமைந்திருக்கும். மிதவையைக் காதோரம் குலுக்குங்கள், உள்ளே திரவச் சத்தம் கேட்கக் கூடாது. பழைய மிதவையை மறுபடி பயன்படுத்துபவர்கள் தண்ணீரில் மிதக்க விட்டுச் சோதிப்பது வீண். பெட்ரோலின் அடர்த்தி தண்ணீரில் முக்கால் பங்குதான், தண்ணீரில் மிதப்பது பெட்ரோலில் பாதி மூழ்கலாம்.

மூடியின் ரப்பர் வளையத்தைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். பழையது பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், பள்ளத்தில் உட்காராது. கசிந்தால் அடுத்து ஆவிக் கசிவுக் கோடு வரும். அந்தச் சோதனையைப் பல வண்டிகளில் கணினி பெட்ரோல் 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்கும்போதுதான் நடத்தும். இத்தனை நாள் அளவு தெரியாமல் அது நடக்காமலே இருந்திருக்கலாம், ஆகவே முள் சரியானபின் புதிதாக வேறு கோடு எட்டிப் பார்த்தால் உடனே வேலையைச் சந்தேகிக்க வேண்டாம். முதலில் மூடி வளையத்தையும் பெட்ரோல் வாயின் மூடியையும் பாருங்கள்.

பின்பாடியை இறக்கும் முன்பே பேட்டரியை இணைத்து, சாவியைச் சில முறை ஆன் செய்து பம்ப் அழுத்தம் ஏறவிட்டு, குழாய் இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கோடை அழித்துவிட்டு, சாவியை அணைத்த நிலையில் பெட்ரோல் நிரப்புங்கள். சாவி ஆனில் இருக்கும்போது நிரப்பினால் சில வண்டிகளில் கணினி அதை அலையாட்டம் என்று எண்ணி முள்ளை மிக மெதுவாக ஏற்றும், புது யூனிட்டும் பழுது என்று தோன்றும்.